நிழல் ஏறாத இடம்

கண்களை முழுவதும் திறந்து எதையும் உற்றுப் பார்க்காத ஒருவரோடு சில ஆண்டுகள் பணியாற்றும் பேறு எனக்கு வாய்த்தது. அவருடைய பார்வையில் குறை எதுவும் இல்லை. அவர் கண்ணாடி அணிந்து நான் கண்டதில்லை. ஆயினும் எதிரே ஒரு முகமோ, ஒரு கையோ, தண்ணீர் வைத்த ஒரு செம்போ மனத்தைத் தொட்டுவிட்டால் போதும், அவருடைய இமைகள் பாதிக்குத் தாழ்ந்துவிடும். தலை சற்றே ஒரு பக்கம் சாயும். அந்தப் பாதிப் பார்வைக்குள் அப்பொருள் தன் நுணுக்கங்களையெல்லாம் உதிர்த்துவிட்டு, வெளிச்சம் ஒரு துண்டு, நிழல் ஒரு துண்டு என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும் வரை அவர் அசைய மாட்டார்.

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே தேநீர்க் கடை வைத்திருந்தவர், அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே என்னைத் தனியே அழைத்தார்.

"இன்னா சார், மேல புதுசா வந்திருக்கிற அம்மாவுக்குக் கண்ணுல எதனா கோளாறா? நம்மளப் பாத்து ஒரு மாரியா சுருக்குது."

"கோளாறு ஒண்ணும் இல்லப்பா. உன் மூஞ்சில நிழல் எங்க முடியுதுன்னு பாக்கறாங்க."

அவர் தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "அதுக்கு எதுக்கு இவ்ளோ பேஜாரு? கேட்டா நானே சொல்லிட்டுப் போறேன்" என்றார். மறுநாள் முதல் அந்த அம்மையார் ரயிலிறங்கி வரும் வேளையில் அவர் முகம் மழித்து, தலை வாரி, கல்லாவில் சற்றுப் பக்கவாட்டாக அமர்ந்திருப்பதைக் கண்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதற்சில ஆண்டுகள் அவை. ஆம்பூரில் எங்கள் முதலாளியின் மகன், வெளியூரில் படித்துத் திரும்பியவர், ஷூ அடிப்பாகங்கள் அடுக்கியிருந்த பழைய கிடங்கின் மாடியை ஒழித்துக் குளிரூட்டி, கணினிகளை இறக்கினார். வெளிநாட்டுக் குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் படங்களுக்கு இங்கிருந்து உருவங்கள் செய்து அனுப்புவது அந்தத் தொழில். நான் அவர்களுடைய தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழிக் கூலியாக நுழைந்து, ஷூ தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பராக உயர்ந்தவன். பள்ளியில் அதிகம் படித்தவன் அல்லன். படிக்கக் கிடைத்ததையெல்லாம் படித்தவன். நம்பிக்கையான ஆள் ஒருவர் மேலே இருக்கட்டும் என்று சாவியையும் நிர்வாகத்தையும் என்னிடம் கொடுத்தார்கள். அங்கே நடந்த கலை எனக்குத் தொலைவிலேயே இருந்தது. அதை என் அருகில் கொண்டுவந்து வைத்தவர் அந்த அம்மையார்.

அவர் வேலூரிலிருந்து நாள்தோறும் பாசஞ்சர் வண்டியில் வருவார். நடுத்தர வயதின் வாசலில் இருந்தவர். தாயார் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதற்கு மேல் தம்மைப் பற்றி எதுவும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அவரைப் பற்றி அறிய வேண்டியது அனைத்தும் அவர் செய்த வேலையில் இருந்தது.

அவ்வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கணினிக்குள் களிமண் போலப் பிசைந்து உண்டாக்கும் உருவத்துக்கு விளக்குக் காட்டினால், இயற்கையில் நிகழ்வதே அங்கும் நிகழும்: வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கி நிழலாகும். கையால் வரைந்த கார்ட்டூனில் அப்படி இராது. கன்னத்துக்கு ஒரு நிறம், கன்னத்தின் நிழலுக்கு இன்னொரு நிறம். இரண்டுக்கும் நடுவே கத்தி வைத்து அறுத்தது போன்ற ஒரு கரை. பருமனுள்ள உருவத்தைச் சித்திரம்போல் தோன்றச் செய்ய வேண்டுமானால் அந்த மெல்லிய மங்கலை இரண்டே நிறமாக வெட்ட வேண்டும். கணினி வெட்டிவிடும். ஆனால் அதற்கு எங்கே வெட்டுவது என்று தெரியாது. மூக்கோரத்திலும் வாயோரத்திலும் கரை பிய்ந்து, எலி கடித்த ரொட்டி போல் நிற்கும். அந்தக் கரையைச் சீர்செய்வதே அம்மையாரின் பணி.

உருவத்தின் மேற்பரப்பு முழுவதும் சிறுசிறு சில்லுகளால் ஆனது என்றும், தான் எத்திசை நோக்குகிறது என்பதை ஒவ்வொரு சில்லும் ஓர் அம்பினால் சொல்லும் என்றும், அம்பு விளக்கைப் பார்த்தால் வெளிச்சம், முகம் திருப்பினால் நிழல் என்றும் அவர் எனக்குத் திரையில் காட்டினார். அவர் சில்லைத் தொட மாட்டார். அம்பை மட்டும் திருப்புவார். ஒரு சிறுமியின் முகத்தின் மேல் வழவழப்பான முட்டை ஒன்றை வைத்து, முட்டையின் அம்புகளை முகத்துக்குக் கடனாக வாங்கிக் கொடுத்துவிட்டு, முட்டையை அழித்தார். அதுவரை பிய்ந்து கிடந்த நிழல், நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே வளைவாக இறங்கி நின்றது.

"மூக்கு மூக்காவே இருக்கட்டும் ஐயா. வெளிச்சத்துக்கு மட்டும் இந்த மூஞ்சி ஒரு முட்டைன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"வெளிச்சத்தையே ஏமாத்தறீங்களாம்மா?"

"ஏமாத்தல ஐயா. அதுக்கு எது முக்கியம்னு தெரியாது. கண்ணும் ஒண்ணுதான், கன்னத்துப் பள்ளமும் ஒண்ணுதான். நாமதான் சொல்லணும்."

உருவத்தைச் சுற்றி ஓடும் கறுப்புக் கோட்டின் இரகசியத்தை அவர் விளக்கியபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அதே உருவத்தை ஒரு நூலளவு பெரிதாக்கி, கறுப்பு பூசி, உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, மேலே போர்த்திவிடுவது. புரட்டிப் போட்ட கையுறை. எங்கள் ஊரில் கையுறை தைக்கும் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதைச் சொன்னேன். அம்மையார் மகிழ்ந்து, அன்று முதல் அந்தக் கோட்டைக் கையுறை என்றே அழைத்தார். பிறகு மாடியில் எல்லோரும் அப்படியே அழைத்தார்கள்.

சின்ன முதலாளிக்கு மட்டும் இரண்டு நிறம் போதவில்லை.

"மேடம், ஒரே ரெண்டு கலரு. பாக்கறவன் வேலை கம்மின்னு நெனப்பான். இன்னும் கொஞ்சம் ஷேடு ஜாஸ்தி பண்ணுங்களேன்."

"கண்ண மூடுங்க சார்."

"எதுக்கு?"

"மூடுங்க. உங்க பொண்ணு மூஞ்சிய நெனச்சுப் பாருங்க. எத்தன ஷேடு தெரியுது?"

அவர் நல்ல மனிதர். கண்களை மூடிக்கொண்டு நின்றார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கைகளை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். "ஷேடெல்லாம் இல்ல. சிரிக்குது. அவ்ளோதான் தெரியுது" என்றார்.

"அந்த அவ்ளோதான் சார் நம்ம வேலை. வெளிச்சம் நூறு விதமா விழும். மனசு ரெண்டுதான் எடுத்து வெச்சுக்கும்."

இந்தப் பழக்கம் அலுவலகத்தோடு நின்றிருந்தால் அவரை வெறும் திறமைசாலி என்று சொல்லி முடித்திருப்பேன். என் தமையனார் காலமானபோது நிகழ்ந்தது வேறு. வீட்டு முன் சிவப்புத் துணிப் பந்தல் போட்டிருந்தார்கள். உச்சி வெயில் துணிக்குள் புகுந்து, பெட்டியில் கிடந்தவரின் முகத்தை ஒரே சிவப்புத் தகடாக்கி வைத்திருந்தது. வந்தவர்கள் பார்த்துவிட்டு விலகிக்கொண்டே இருந்தார்கள். அம்மையார் வந்தார். பெட்டியின் அருகில் நின்று கண்களைச் சுருக்கினார். நேரம் சென்றது. உறவினர்கள் முகம் சுளித்தார்கள், "யாரு இவங்க, இப்படி மொறைக்கிறாங்க?" என்று யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. எனக்கே கூச்சமாயிருந்தது. அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பந்தலின் பக்கத்துத் துணியை அவிழ்த்துச் சுருட்டிக் கம்பத்தில் கட்டினார். வெள்ளை வெளிச்சம் பக்கவாட்டில் நுழைந்தது. தமையனாரின் நெற்றியும் மூக்கும் ஒரு பக்கம் எழுந்தன; மறுபக்கம் நிழலில் அமர்ந்தது.

அதுவரை அழாமல் இருந்த என் அண்ணியார் என் கையைப் பிடித்தார். "இப்பதான் தம்பி உங்க அண்ணன் மாதிரி இருக்காரு" என்று சொல்லி அழத் தொடங்கினார்.

அன்று எனக்கு அவர்மேல் ஏற்பட்டதை மரியாதை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சற்று அச்சமும் கலந்திருந்தது. பார்க்கும்போதே நமக்குரியதல்லாத ஏதோ ஒன்றை எடுத்துவிடவும், நம்மிடம் இருந்தும் தெரியாத ஒன்றை வெளியே வைத்துவிடவும் வல்லவர் என்று தோன்றியது. பின்னாளில் அவர் ஹைதராபாத்தில் பெரிய வேலை கிடைத்துச் சென்றபோது, தேநீர்க் கடைக்காரர் உட்பட அனைவரும் வருந்தினோம். ஆனால் எங்களில் சிலர் சற்று நிம்மதியடைந்தும் இருக்கலாம். ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது. பிறகு செய்தி இல்லை.

அவரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததன் காரணம் இனிமேல்தான் வருகிறது.

அவர் எங்களோடு இருந்த காலத்தில் ஒருநாள் மருத்துவமனை ஒன்றின் தொழுநோய்ப் பிரிவிலிருந்து ஒரு சிஸ்டர் மாடிக்கு வந்தார். டேனரித் தொழிலாளருக்குக் காட்டச் சிறிய கார்ட்டூன் படம் ஒன்று வேண்டும் என்றார். சொல்ல வேண்டிய செய்தி எளிது. உடலில் தொட்டால் தெரியாத வெளிர்ந்த தேமல் இருந்தால் உடனே காட்ட வேண்டும். மாத்திரை இலவசம், முழுதாகக் குணமாகும். தாமதித்தால் நரம்பு கெடும், விரல்கள் மடங்கிவிடும். மடங்கியவை நிமிர்வது அரிது. கண்களை மூடச் சொல்லி, ஒரு நூலால் தொட்டுச் சோதிக்கும் விதத்தையும் செய்து காட்டினார்.

"மத்த இடத்துல ஜனங்க பயந்துட்டு மறைப்பாங்க. இங்க மறைக்கக்கூட மாட்டேங்கறாங்க. கையில வெளுப்பா இருக்குதேன்னு கேட்டா, 'அது சுண்ணாம்பு சிஸ்டர்'னு சிரிக்கிறாங்க. வெரல் மடங்கின பின்னாடிதான் வர்றாங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மை. தோலின் மயிரை உதிர்க்கச் சுண்ணாம்புக் குழியில் ஊற வைப்பார்கள். அங்கே வேலை பார்த்தவர்களின் கைகளில் தெறித்துப் புண்ணாகி ஆறிய வெள்ளைத் தழும்புகள் இல்லாமல் இரா. அவற்றை எவரும் நோயாகக் கருதியதில்லை. இன்னாருக்கு இத்தனை வருஷ வேலை என்று காட்டும் முத்திரையாகவே கருதினார்கள். என் இடது முன்கையிலும் ஒன்று இருந்தது. மாங்கொட்டை அளவு, மாங்கொட்டை வடிவு. பழைய சகாக்கள் என்னைச் சுண்ணாம்புக் கை என்று கேலியாகக் கூப்பிடுவதும் உண்டு. சிஸ்டர் பேசியபோது நான் அருகில் அமர்ந்து, எங்கள் ஜனங்களின் அறியாமைக்காக வருந்தித் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மையார் ஒரு தொழிலாளியின் உருவத்தை அமைத்தார். முன்கையில் வெளிர்த் தேமல். இரண்டு நிறம், சுத்தமான கரை, கறுப்புக் கையுறை. வேலை முடிந்ததும் பார்த்துச் சொல்வதற்காக டேனரி மேஸ்திரியை மேலே அழைத்து வந்தேன். என்னோடு குழியில் இறங்கியவர். வாய் சும்மா இராது. அவர் திரையை வெகுவாக ரசித்தார்.

"ஆளு அச்சா நம்ம ஷாப்பு ஆளு மாரியே கீறான். கையில பளிச்சுன்னு வெயில் அடிக்குது பாரு! அத எப்படிம்மா பண்ணீங்க?"

அம்மையார் நாற்காலியில் நிமிர்ந்தார். "அது வெயில் இல்ல மேஸ்திரி. அதுதான் நோய்."

"நோயா?" மேஸ்திரி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "அப்ப சரி. வெயில் இல்லன்னா சுண்ணாம்பு."

இரண்டே நிறமுள்ள உலகத்தில் வெளிர்ந்தது எதுவும் வெளிச்சமாகிவிடுகிறது. அம்மையார் எந்தக் கலையில் தேர்ந்தவரோ, அந்தக் கலையே நோயை மறைத்துவிட்டது. சின்ன முதலாளி, தேமலைச் சிவப்பாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்றார். சிஸ்டர் மறுத்தார். "சிவப்பா காட்டினா சிவப்பத் தேடுவாங்க சார். இருக்கிறத விட்டுடுவாங்க." வெளிநாட்டு வேலை வேறு காத்துக்கிடந்தது. அம்மையார் எதையும் தொடாமல், சிஸ்டர் தந்த புகைப்படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

"போட்டோவுல ஏற்கெனவே யாரோ வெளிச்சம் வெச்சுட்டாங்க ஐயா. எனக்கு ஒரு நெஜமான கை வேணும். வெயில்லயும் பாக்கணும், நிழல்லயும் பாக்கணும். ஒரு வெளுப்பு நிழலுக்குள்ள போனா என்ன ஆகுதுன்னு தெரியணும்."

"நோய் உள்ள கைக்கு எங்கம்மா போறது? வெளுப்புதானே வேணும். என் கையில சுண்ணாம்புத் தழும்பு ஒண்ணு இருக்குது. அதப் பாத்துக்கங்களேன்."

உதவி செய்வதாக எண்ணியே சொன்னேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, மாடியின் மேற்கு ஜன்னலருகே நின்றேன். மாலை வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, கையை வெயிலுக்குள் கொண்டுபோனார். மெல்லத் திருப்பி, நிழலுக்குள் கொண்டுவந்தார். மீண்டும் வெயில். மீண்டும் நிழல். இமைகள் தாழ்ந்தன. தேநீர்க் கடைக்காரரையும் என் தமையனாரையும் பார்த்த அதே பார்வை இப்போது என் கைமேல் நின்றது. பிறகு வழக்கத்துக்கு மாறாக, கண்களை முழுவதும் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சுண்ணாம்பு எப்ப பட்டுது ஐயா?"

"வாலிபத்துல. ஞாபகம் இல்ல."

"பட்டது ஞாபகம் இருக்குதா?"

யோசித்தேன். மற்றத் தழும்புகள் ஒவ்வொன்றும் எரிந்த நாள் எனக்கு நினைவிருந்தது. இது எரிந்த நினைவு இல்லை.

"தெறிச்சது துளித்துளியா இருக்கும், இதோ இந்தச் சின்னதுங்க மாதிரி" என்று என் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். "இது ஒரே கரையா நிக்குது. யாரோ வரைஞ்ச மாதிரி." கரைகளோடே வாழ்ந்தவர் அவர். துப்பட்டாவின் ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து அறுத்தார். "சிஸ்டர் செஞ்சு காட்டினாங்களே, அதான். கண்ண மூடிக்கங்க. தொட்டா 'ம்'னு சொல்லுங்க."

கண்களை மூடினேன். மேல்கையில் நூல் பட்டது. "ம்" என்றேன். விரல் நுனியில் பட்டது. "ம்." பிறகு அவர் நிறுத்திவிட்டார். நான் காத்திருந்தேன். கீழே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. அவர் யோசிக்கிறார் போலும் என்று எண்ணினேன்.

"தொடுங்கம்மா" என்றேன்.

"தொட்டுக்கிட்டேதான் ஐயா இருக்கேன்."

கண்களைத் திறந்தேன். நூல் மாங்கொட்டையின் நடுவில் இருந்தது. அவர் அதை இங்குமங்கும் இழுத்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல நான் அதைப் பார்த்தேன்.

அன்றிரவு வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் மனைவி அழவில்லை. "நாளைக்கே போய்ட்டு வாங்க. ஆனா ஒருத்தருக்கும் தெரிய வேணாம். பொண்ணு மாமியார் வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்" என்றாள். அதை நானும் ஏற்றுக்கொண்டேன். மறுநாள் மருத்துவர் என் விரல்களுக்கிடையே ஒரு காகிதத்தை வைத்து, பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுத்தார். வலக்கையில் காகிதம் நின்றது. இடக்கையில் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவிலிருந்து அது எதிர்ப்பின்றி நழுவி வந்தது. இப்போது வந்ததால் கை பிழைத்தது, இன்னும் சில மாதங்கள் விட்டிருந்தால் அந்த இரண்டு விரல்களும் மடங்கியிருக்கும் என்றார். மாத்திரை தொடங்கினேன். முதல் வேளை விழுங்கியதிலிருந்தே யாருக்கும் ஒட்டாது என்று சிஸ்டர் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். கேட்க நினைத்தது முகத்தில் தெரிந்திருக்கும்.

அம்மையார் படத்தைத் திருத்திவிட்டிருந்தார். தொழிலாளி வெயிலில் நடந்து வருகிறான். வேப்ப மரத்தடிக்குள் நுழைகிறான். நிழலின் கரை அவன் தோளில் ஏறி, முழங்கையைக் கடந்து, கை முழுவதையும் இருளாக்கிக்கொண்டே இறங்குகிறது. தேமலின் ஓரத்துக்கு வந்ததும் அது நின்று, சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. உடம்பெல்லாம் நிழலில் இருக்க, அந்த ஓர் இடம் மட்டும் வெயிலிலேயே நிற்கிறது.

சிஸ்டர் ஐயப்பட்டார். "நெஜத்துல அது மேலயும் நிழல் விழுமே?"

"விழும் சிஸ்டர். ஐயா கையில பாத்தேன். ஆனா சுத்தி இருக்கிற அளவுக்கு இருட்டாகல. அந்த வித்தியாசத்த மட்டும் எடுத்துக்கிட்டேன். மிச்சத்த விட்டுட்டேன்."

பிறகு என் மேசைக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "அது உங்க கைதான் ஐயா. அந்த வடிவம் அப்படியே. வேணாம்னா வேற வரைஞ்சிடறேன். ஆனா அது மாதிரி வராது."

டேனரியில் அந்த வடிவத்தை அறியாதவர் இல்லை. மாற்றிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னை வற்புறுத்தவில்லை. கண்களைச் சுருக்கவும் இல்லை. பதிலுக்காக நின்றார், அவ்வளவே. "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டேன். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதிய இடைவேளையில் டேனரியின் பச்சைத் தோல் கிடங்குக்குள் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். வெளியே முற்றத்தில் சோதனைக்காகச் சிஸ்டர் ஒரு மேசை போட்டிருந்தார். உப்பு வாடைக்கு நடுவே ஆண்களும் பெண்களும் தரையில் நெருக்கி அமர்ந்திருந்தார்கள். தொழிலாளி வேப்ப மரத்தடிக்குள் நுழைந்தான். நிழல் இறங்கியது. அந்த இடம் மட்டும் எரிந்தது. கிடங்கில் பேச்சு அடங்கியது. திரை முழுவதும் அந்தக் கை பெரிதாக வந்து நின்றபோது, மேஸ்திரியின் குரல் இருட்டிலிருந்து எழுந்தது.

"யோவ், இது நம்ம சுண்ணாம்புக் கைடா! ஸ்டோர்கீப்பர் கையத்தான் படமாப் புடிச்சு வெச்சுக்கிறாங்க. நோயாம், நோயி!"

சிரிப்பு கிளம்பி வரிசை வரிசையாகப் பரவியது. அடங்கியிருந்த பயம் முழுவதும் அந்தச் சிரிப்பில் கரைவதை நான் கண்டேன். நானும் சிரித்திருந்தால் போதும். என் வீடும் என் பெண்ணும் அன்று தப்பியிருப்பார்கள். படமும் அங்கேயே செத்திருக்கும். கிடங்கின் பின்சுவரில் சாய்ந்து நின்றிருந்த அம்மையாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எழுந்து திரைக்கு முன்னால் போனேன். சட்டைக் கையை மடித்தேன். திரையில் இருந்த கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன்.

"என் கைதான். ஆனா இது சுண்ணாம்பு இல்லப்பா. நானும் உங்கள மாரிதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இது அந்த நோய்தான். மாத்திரை சாப்டுட்டு இருக்கேன்."

முன் வரிசையில் இருந்த ஒருவர் சற்றுப் பின்னால் நகர்ந்து அமர்ந்தார், அதையும் கண்டேன். ஆயினும் மீதியைச் சொல்லி முடித்தேன். "இந்த ரெண்டு வெரலும் மடங்கியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. மடங்கல. இனிமே மடங்காது."

கதவைத் திறந்ததும் எல்லோரும் வெளியே வந்தார்கள். வழக்கமாகச் சாப்பாட்டுக்கு ஓடுபவர்கள் அன்று ஓடவில்லை. முற்றத்தில் கிடங்குக் கூரையின் நிழல் ஒரு நேர்க்கோடாக விழுந்திருந்தது. ஒருவன் அந்தக் கோட்டருகே நின்று, கையை வெயிலில் நீட்டினான், நிழலுக்குள் இழுத்தான். இன்னொருவன் சட்டையைக் கழற்றி, முதுகைப் பார்க்கச் சொல்லி நண்பனிடம் திரும்பினான். பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கோட்டின் நெடுகக் கைகள் வெளிச்சத்துக்குப் போவதும் நிழலுக்கு வருவதுமாக இருந்தன. அந்த டேனரியில் நான் அப்படியொரு காட்சியை அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

மேஸ்திரி என்னிடம் வரவில்லை. நேரே அம்மையாரிடம் போய், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் கேலி இல்லை.

"பாத்துச் சொல்லும்மா."

அவர் பார்த்தார். வெயிலில் ஒரு முறை, நிழலில் ஒரு முறை. தம் துப்பட்டா நூலால் தொட்டுப் பார்த்தார். மேஸ்திரி ஒவ்வொரு தொடுதலுக்கும் உரக்க "ம்" சொன்னார்.

"இது சுண்ணாம்புதான் மேஸ்திரி. இருந்தாலும் சிஸ்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டுப் போய்ச் சாப்பிடுங்க."

சுற்றி நின்றவர்கள் மூச்சுவிட்டார்கள், யாரோ சிரித்தார்கள். மேஸ்திரிக்குப் பின்னால், தோலைச் சுழற்றும் டிரம் ஓட்டும் வாலிபன் ஒருவன், போன மாதம்தான் திருமணம் ஆனவன், தோளைக் காட்டிக்கொண்டு நின்றான். அம்மையார் பார்த்தார். நூலை வைத்தார். அவன் கண்களை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

அம்மையார் நூலைக் கீழே போட்டுவிட்டு, அவன் கையைத் தம் கைக்குள் கோத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, சிஸ்டரின் மேசைக்கு நடத்திப் போனார். நான் அவர்களுக்கு முன்னால் சென்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.